ஷூ முதலாளிக்கு ஒரு கவிஞர் எழுதிய வசனம்

கைஃபி ஆஸ்மி என்றதும் ஆம்பூரில் உருது தெரிந்த பெரியவர்கள் ஒரு கஜலை முணுமுணுப்பார்கள். மற்றவர்களுக்கு அவர் பழைய இந்திப் பாட்டு எழுதியவர். என்னைக் கேட்டால், இந்தத் தோல் ஊர்கள் அவரை நினைக்க வேண்டியது 'கரம் ஹவா' படத்துக்காகத்தான்.

1970-இல் 'ஹீர் ராஞ்சா' படத்தின் வசனம் முழுவதையும் செய்யுளாகவே எழுதியவர். காதல் கதை, எடுபட்டது. அடுத்து ஷமா ஜைதியோடு சேர்ந்து 'கரம் ஹவா' எழுதும்போது வசனத்தில் கவிதையை ஓரமாக வைத்துவிட்டார். இஸ்மத் சுக்தாயின் கதை. இயக்கம் மைசூர்க்காரர் எம்.எஸ். சத்யு. பிரிவினைக்குப் பிறகும் ஆக்ராவை விட்டுப் போக மறுக்கும் ஷூ வியாபாரி சலீம் மிர்சாவாக பல்ராஜ் சாஹ்னி. அவருடைய மனைவியாக கைஃபியின் மனைவி ஷவுகத்.

மிர்சாவை முதலில் சாய்ப்பது கத்தியல்ல, கடன். இவரும் ஒருநாள் பாகிஸ்தானுக்குக் கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று கடன் தருபவர்கள் கையை விரிக்கிறார்கள். இதன் கனம் நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பச்சைத் தோல் வாங்கி, பதனிட்டு, சாயமேற்றி, தைத்து, சரக்கு கப்பலேறி, பார்ட்டி பணம் அனுப்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். நடுவில் பேங்க் முகம் திருப்பினால் டிரம் நின்றுவிடும். என்னோடு படம் பார்த்தவர் டேனரியில் கணக்கெழுதி ஓய்ந்த பாய் ஒருவர். படத்தில் மிர்சாவின் வீடு பறிபோனதற்கும் மகள் செத்ததற்கும் அசையாதவர், இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கிரெடிட் போச்சுன்னா முடிஞ்சுதுப்பா" என்றார்.

உத்தரப் பிரதேசத்து மிஜ்வானில் ஜமீன்தார் வீட்டில் பிறந்து, கம்யூனிஸ்டாகி, பம்பாயில் கட்சிப் பத்திரிகைக்கு எழுதியவருக்கு முதலாளியின் பயம் இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டது ஆச்சரியம்தான். 1973-இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அதன்பிறகும் எழுதினார், மிஜ்வானுக்குப் பள்ளிக்கூடமும் சாலையும் வர ஓயாமல் அலைந்தார். 2002-இல் காலமானார்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முஷாயிரா என்னும் உருதுக் கவியரங்கம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முந்தின நாள் சாயங்காலம் இந்தப் படத்தைத் தமிழ் எழுத்தோடு திரையிடுங்கள். கவிஞர்களுக்கு மட்டுமல்ல, ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கிற பெண்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.