ஒரே நூல், இரு நெசவு

தீ சுடுவது ஒருமுறை. தீப்புண்ணின் கட்டை மாற்றும் வேதனையோ நாள்தோறும் வருவது. உலர்ந்த பருத்தித் துணி புண்ணின் கசிவை உறிஞ்சி அதனோடு ஒட்டிக்கொள்கின்றது. அதனை உரிக்கும்போது கீழே அரும்பிய புதுத்தோலும் சேர்ந்து கிழிகின்றது. ஆற்றுவதற்கென இட்ட துணியே மீண்டும் புண்ணாக்கும் இம்முரண்பாடு மருத்துவத்தை நெடுங்காலம் வருத்தியதொன்றாகும். பருத்தி பெரும்பாலும் செலுலோசினால் ஆனது. அதற்கு மாற்றாக வந்த பொருள்களுள் ஒன்றும் செலுலோசே என்பதுதான் வியப்புக்குரியது. ஆனால் அது செடியில் விளைந்ததன்று, பற்றீரியா நெய்தது.

வினாகிரி செய்வோர் பன்னெடுங்காலமாகக் கண்டுவந்த காட்சி ஒன்றுண்டு. புளித்த சாற்றின் மேற்பரப்பிலே தோல்போல வழுவழுப்பான படலமொன்று படரும். 1886 இல் ஏட்ரியன் ஜோன் பிறவுண் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர் அதனை ஆராய்ந்து, அப்படலம் செலுலோசு என்றும், அதனை ஆக்குவது ஒரு பற்றீரியா என்றும் நிறுவினார். பாடநூல்களில் அசற்றோபற்றர் சைலினம் என நெடுங்காலம் வழங்கிய அவ்வுயிர், இன்று யப்பானிய நுண்ணுயிரியலாளர் கசுவோ கொமகாட்டாவின் பெயரால் கொமகாட்டேய்பற்றர் சைலினசு எனப்படுகின்றது.

இவ்வுயிரின் தொழிற்றிறன் நுணுகி நோக்கத்தக்கது. கோல்வடிவான இப்பற்றீரியா குளுக்கோசை உட்கொண்டு, அதன் ஒரு பகுதியைச் சக்திக்காகச் செலவிடுகின்றது. மறுபகுதியை, சங்கிலியிற் கோக்கத்தக்க கண்ணியாக மாற்றிக்கொள்கின்றது. கலமென்சவ்விலுள்ள நொதியமொன்று இக்கண்ணிகளை ஒவ்வொன்றாக இணைக்கின்றது. அவ்வாறு உருவான சங்கிலிகள், கலத்தின் நீள்பக்கத்தில் ஒரே வரிசையாக அமைந்த நுண்டுளைகளினூடாக வெளியேறி, ஒன்றோடொன்று சேர்ந்து நாடாவாகின்றன. நாடா நீளநீள அதன் உந்தலாற் பற்றீரியாவும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர் தூரம் நகர்கின்றது. தறியும் நெசவாளியும் ஒன்றேயாகி, நெய்தபடியே நடக்கும் விந்தை இது. இத்தொழிலைத் தூண்டும் சிறு மூலக்கூறை யெரூசலேம் ஈபுரூப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோசே பென்சிமானும் அவர்தம் குழுவினரும் 1987 இல் வெளிப்படுத்தினர். அதே மூலக்கூறு வேறு பற்பல பற்றீரியாக்களிலும் சைகையாகப் பயன்படுவது பின்னர் தெரியவந்தது.

ஒட்சிசனின்றி வாழமாட்டாத இவ்வுயிருக்கு, அப்படலம் திரவத்தின் மேற்பரப்பில் மிதந்திருக்க உதவும் தெப்பம் என்பர். உலர்ந்து போகாமலும் புறவூதாக் கதிர்களாற் கெடாமலும் காக்கும் போர்வையும் அதுவே. இங்கே பருத்திக்கும் இதற்குமுள்ள வேறுபாடு புலனாகின்றது. இரண்டிலும் மூலக்கூறு ஒன்றே. ஆயின், பருத்தி இழையோடு ஒப்பிடுமிடத்து இந்நாடா நூறு மடங்குக்கு மேல் நுண்ணியது. அத்தகைய எண்ணிறந்த நாடாக்கள் பின்னிய வலையின் இடைவெளிகளிலே நீர் தங்குவதால், ஈரப்படலத்தின் நிறையில் ஏறத்தாழ 99 சதவீதம் நீராகவே இருக்கும். மரத்திலுள்ளவாறு இலிக்னினோ அரைச்செலுலோசோ இதிற் கலந்திருப்பதில்லை.

புண் உலர்ந்து பொருக்குக் கட்டுவதே நலம் என்ற எண்ணம் ஒருகாலத்தில் நிலவியது. 1962 இல் ஜோர்ஜ் வின்ரர், பன்றிகளின் தோலிற் செய்த ஆய்வின்மூலம், ஈரம் காக்கப்பட்ட புண்ணிலே புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்வதைக் காட்டினார். அதன்பின், ஈரத்தைக் காத்துக் கிருமியைத் தடுக்கும் போர்வை எது என்ற தேடல் வலுப்பெற்றது. பற்றீரியா தனக்கென நெய்த படலம் அத்தேவைக்கும் பொருந்தியது. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 1990 இல் வெளியிட்ட கட்டுரையொன்று அதனைத் தற்காலிகத் தோற்பதிலியாக முன்வைத்தது. புண்ணை மூடிய படலம் வேதனையைத் தணிக்கின்றது. கீழே தோல் வளர்ந்ததும் தானாகவே விலகுகின்றது. நாள்தோறும் உரித்தெடுக்கும் கொடுமை அங்கில்லை.

எனினும் இதனைச் சஞ்சீவியெனக் கொண்டாடுதல் தகாது. செலுலோசுக்குத் தன்னளவிற் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் இல்லை. ஆதலால் வெள்ளி முதலியவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கின்றது. நெய்த பற்றீரியாவின் எச்சங்கள் உடலுக்குத் தீங்காகலாம் என்பதால், படலத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலிற் கொதிக்கவைத்துப் பன்முறை கழுவுதல் இன்றியமையாதது. இன்னொரு தடையும் உண்டு: செலுலோசைச் சிதைக்கும் நொதியம் மனித உடலில் இல்லை. உடலினுள் வைத்தால் அது கரையாது கிடக்கும். நிலைத்திருக்க வேண்டிய இடத்திலோ இக்குறையே குணமாகின்றது. ஜேர்மனியின் யேனா நகரில் டீற்றர் கிளெம் குழுவினர், ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயாக இச்செலுலோசை வளர்த்து, எலியின் கழுத்து நாடியிற் பொருத்திப் பார்த்த ஆய்வு 2001 இல் வெளிவந்தது. ஒரு பொருளின் குறையும் குணமும் அது வைக்கப்படும் இடத்தைப் பொறுத்தவை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

எஞ்சுவது விலை பற்றிய வினா. படலம் தடிக்கப் பல நாட்கள் செல்லும். பற்றீரியாவுக்கு இடும் வளர்ப்பூடகமும் மலிவானதன்று. ஆனால் பிலிப்பைன்ஸ் மக்கள் தேங்காய்நீரில் இதே பற்றீரியாவை வளர்த்து, அப்படலத்தை 'நாத்தா தே கோக்கோ' என்னும் இனிப்புப் பண்டமாக உண்டு வருகின்றனர். தேங்காய்நீர் இலங்கையிலும் அரிதன்று. உலர் தேங்காய்த் துருவல் ஆலைகள் அதனைக் கழிவாக வெளியேற்றுவதுண்டு. அதே இலங்கையிற்றான், போத்தலிற் செய்த மண்ணெண்ணெய் விளக்குக் கவிழ்ந்து வெந்தோரின் துயரம் நீண்டது. அத்துயர் தடுக்கக் கவிழாத விளக்கொன்றை அமைத்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1998 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். வெந்தோருள் மிகப்பலர் மின்சாரத்துக்கு வசதியற்ற குடிசைகளில் வாழ்ந்தவர்கள்.

உண்ணும் பண்டத்துக்கும் மருத்துவப் படலத்துக்குமிடையே தூய்மை, சோதனை, தரக்கட்டுப்பாடு என்னும் நெடிய வழி உண்டு. அவ்வழியைக் கடப்பதற்கு வேண்டிய அறிவு இன்று எவருக்கும் மறைபொருளன்று. அற்புதப் போர்வையொன்று ஆய்வுகூடத்திலே பிறந்துவிட்டது என்பது பாதி வெற்றியே. வாங்க வசதியற்றவனின் புண்ணையும் அது மூடும் நாளிலேதான் அந்த வெற்றி முழுமை பெறும்.