நோய்ச் சட்டமும் மத விலக்கும்

சட்டம் யாவர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்பது கேட்டற்கினிய கொள்கை. எனினும், ஒரே விதி ஒருவரிடமிருந்து ஏதொன்றையும் பறியாது விட்டு, அடுத்த வீட்டாரிடமிருந்து அவர் தலையாய கடமையெனக் கொண்டதனைப் பறிக்குமாயின், அதனைப் பொதுவிதி எனல் எங்ஙனம் பொருந்தும்? நோய்த்தடுப்பின் பெயரால் அரசு விதிக்கும் கட்டாயத்துக்கு மதத்தின் பேரில் விலக்கு உண்டா என்னும் இவ்வினா, பிற நாடுகளிலே பெரிதும் தடுப்பூசி பற்றியே எழுந்தது. கொழும்பிலே அது 2020ஆம் ஆண்டில் இறந்தோர் உடல் பற்றி எழுந்தது.

ஊசி பற்றிய வழக்குப் பழையது. இலங்கையில் வைசூரியைத் தடுக்க அம்மை குத்தும் முறை 1802இல் புகுந்தது. 1886இல் அதற்கெனக் கட்டளைச் சட்டமும் பிறந்தது. வைசூரியை மாரியம்மனின் வருகையாகக் கொண்டு, வாயிலில் வேப்பிலை செருகி வணங்கிய மக்களுக்கு ஊசி தெய்வக் குற்றமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும் வைசூரி அயலானையும் கொல்லும் நோய். இங்கிலாந்து 1853இல் குழந்தைகளுக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கி, நெடிய எதிர்ப்பின் பின் 1898இல் மனச்சாட்சி விலக்கை அளித்தது. அமெரிக்காவிலே, சுவீடனிற் பிறந்த ஜேக்கப்சன் என்னும் போதகர் ஊசியை மறுத்து, ஐந்து டொலர் தண்டத்தை எதிர்த்து வழக்காடி, 1905இல் தோற்றார். ஆனால் மக்கட் பாதுகாப்புக்கு வேண்டிய அளவை மிகத் தாண்டும் விதியை நீதிமன்றம் தடுக்கலாம் என்பதையும் அத்தீர்ப்புக் கூறிற்று. வென்ற அரசுகள் இப்பிற்பகுதியை மறந்துவிடுவது வழக்கம்.

2019இல் நியூயோர்க் மாநிலம் பாடசாலைப் பிள்ளைகளுக்கிருந்த மத விலக்கை நீக்கியது. பெற்றோர் பலர் எதிர்த்தனர். அவர்தம் வேதனை பொய்யன்று. எனினும் அக்காலத்தே புரூக்ளினிற் சின்னமுத்துப் பரவிக்கொண்டிருந்தது. விலக்குப் பெற்ற வீட்டின் கதவோடு நோய் நின்றுவிடுவதில்லை. ஆகவே, விலக்கை மறுக்கும் அரசு காட்ட வேண்டியது அவ்விலக்கால் அயலானுக்கு நேரும் தீங்கினையே. கொழும்பிலே காட்டப்படாததும் அதுவே.

2020 ஏப்ரல் 11இல் வெளியான வர்த்தமானி, 1897ஆம் ஆண்டின் தடைகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், கொவிட்-19 நோயால் இறந்தோரை எரித்தலைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் மாசுறும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலக சுகாதார நிறுவனமோ மார்ச் மாதத்திலேயே இரு முறைகளையும் ஏற்றிருந்தது. வைரசு உயிருள்ள கலத்துள்ளேயே பெருகும். நோயாளியின் கழிவு நாள்தோறும் நகர வடிகால்களிலே சென்றுகொண்டிருக்க, ஆறடி ஆழத்திற் கிடக்கும் உடலைக் கண்டு அஞ்சியமை விந்தையே. 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களைப் பெரும்பான்மை முடிவால், மேல் விசாரணைக்கு ஏற்காது தள்ளியது. இலங்கை மருத்துவச் சங்கம் அடக்கத்தை அனுமதிக்கலாமெனக் கூறியது அதன் பின்னர், 2021 ஜனவரியிலேயாம்.

இறந்தாரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அடக்குதல் முஸ்லிம் சமூகம் முழுவதன் மேலும் விழும் கடமை. எவருமே அதனைச் செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகளாவர். எனவே அவர்கள் வேண்டியது சலுகையன்று. இதனை உணரக் கொட்டாஞ்சேனையைவிட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ வாழும் கத்தோலிக்கர் வழிவழியாக இறந்தோரைப் புதைப்பவர். எரிக்கும் வழக்குடைய சைவருங்கூடப் பச்சிளங் குழந்தையை எரிப்பதில்லை, மண்ணுக்கே கொடுப்பர். துறவியரைச் சமாதியில் இருத்துவர். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பற்றிப் பெருமிதத்தோடு எழுதும் தமிழுலகம் இவ்விடயத்தில் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம். 2020 டிசம்பரிலே, பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் இசைவின்றிப் பொறளையில் எரிக்கப்பட்டது. அதன்பின் கனத்தை மயானத்தின் வேலியிலே, கபன் துணியின் நினைவாக, வெண்துணித் துண்டுகள் தோன்றின. அவற்றைக் கட்டியோருள் பிற மதத்தாரும் இருந்தனர். துணிகள் அகற்றப்பட்டன, மீண்டும் கட்டப்பட்டன.

2021 ஜனவரி 29இல் தடுப்பூசி ஏற்றுதல் தொடங்கிற்று. மக்கள் நம்பிக்கையோடு கையை நீட்ட வேண்டுமென விழைந்த அரசு, அந்நாளிலும் அவர்தம் பெற்றோரின் உடல்களை எரித்துக்கொண்டிருந்தது. பெப்ரவரி 25இல் விதி திருத்தப்பட்டது. ஆயினும் கொழும்பின் மையவாடிகள் திறக்கப்படவில்லை. மார்ச் 5 முதல் உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஓராண்டின் பின்னரே, 2022 மார்ச்சில், ஏனைய இடங்களிலும் அடக்க இடமளிக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. வெள்ளவத்தைக்கு ஜாவத்தை மையவாடி மிக அண்மையது. ஆனால் அவ்வோராண்டினுள் இந்நோய்க்குத் தந்தையைப் பறிகொடுத்த வெள்ளவத்தை மகன், அவர்தம் கப்றடியில் நின்று பிரார்த்திக்க இன்றும் ஓட்டமாவடிக்கே செல்ல வேண்டும். அதற்கு முன்னர்ப் பறிகொடுத்தவனுக்குச் செல்வதற்கு ஓரிடமும் இல்லை.