வாசிப்பின் மறுபாதி

"வீட்டுல நாங்க என்ன சொல்லிக் கொடுக்கணும், மிஸ்?" தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம் பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அக்கறையில் பிறந்த கேள்வி. ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் நடப்பதையே வீட்டில் இன்னொரு முறை நடத்துவதுதான் பெற்றோரின் கடமை என்ற அனுமானம் அது. தம்மால் முடியாது என்று நினைப்பவர்கள் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். முடியும் என்று நினைப்பவர்கள் வேலை முடிந்து வந்த களைப்போடு நோட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்து, பாதியில் பொறுமை இழக்கிறார்கள். இரண்டு வீடுகளிலும் பிள்ளையோடு பேசும் நேரமும், பிள்ளை சொல்வதைக் கேட்கும் நேரமும் சுருங்கிப்போகின்றன. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அந்தப் பேச்சும் கேட்பும் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். வாசிப்பின் சரிபாதி அங்கேதான் உருவாகிறது என்பதே என் வாதம்.

1986இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக விளக்கினார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒன்று, காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இவை இரண்டும் பெருகி வருவதே வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் என்றால் ஒன்றில் உள்ள குறையை மற்றொன்று ஈடுகட்டிவிடும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு எவ்வளவு சொல்வளம் இருந்தாலும் புத்தகம் திறக்காது. அதுபோலவே, கடகடவென்று படித்து முடிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் அறிமுகமில்லாதவை என்றால் படித்தது மனதில் தங்காது. இந்த இரண்டாம் வகைப் பிள்ளைகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் யார் கண்ணிலும் படுவதில்லை. நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் கனக்கத் தொடங்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். முதல் திறனைக் கற்பிப்பது முழுக்க முழுக்க பள்ளியின் பொறுப்பு. இரண்டாவது திறனைப் பள்ளியால் மட்டும் வளர்க்க முடியாது. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை ஆசிரியரோடு தனியாகப் பேச நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் கிடைத்தாலே அதிகம். மீதிப் பேச்செல்லாம் வீட்டில்தான்.

தமிழில் வாசிக்கக் கற்கும் பிள்ளைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நம் எழுத்துகள் 247 என்றாலும், துணைக்கால், கொம்பு, சுழி ஆகியவற்றின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் பெரும்பாலானவற்றைப் பிள்ளைகள் படித்துவிடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கல், பகல், தங்கம் ஆகிய மூன்றிலும் வருவது ஒரே ககரம், ஆனால் மூன்றிலும் ஒலி வேறு. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை எழுத்து காட்டிக்கொடுப்பதில்லை. அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருக்கும் பிள்ளைதான் சட்டென்று சரியாகச் சொல்கிறது. அடுத்தது, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம். 'அவங்க வந்துட்டிருக்காங்க' என்று பேசும் பிள்ளையின் கண்முன் 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற வரி நிற்கிறது. எழுத்துகளை ஒன்றொன்றாகக் கூட்டி அந்த நீளமான வினைச்சொல்லின் கடைசிக்குப் போவதற்குள் முதலில் படித்தது மறந்துவிடுகிறது. இது தன் வீட்டில் தினமும் புழங்கும் அதே வாக்கியம்தான் என்று பிள்ளைக்குப் புலப்படும் வரை வாசிப்பு பாரமாகவே இருக்கும். இந்தத் தூரத்தைக் கடக்க உதவுபவை, பெரியவர்கள் வாசித்துக் காட்டும் கதைகளும், பிள்ளைகளோடு நடக்கும் நீண்ட உரையாடல்களும்.

பேச்சு என்றால் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் நான்கு முதல் ஆறு வயதுவரை உள்ள 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, அவர்கள் கதை கேட்கும்போது மூளை இயங்கும் விதத்தையும் படம்பிடித்தார்கள். மூளையின் மொழிப் பகுதி முனைப்பாக இயங்கியதற்கும், பெரியவர்கள் எத்தனை சொற்களைப் பேசினார்கள் என்ற கணக்கைவிட, பேச்சு எத்தனை முறை கைமாறியது என்ற கணக்குக்குமே நெருங்கிய தொடர்பு தெரிந்தது. குடும்பத்தின் வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அது மாறவில்லை. சிறிய ஆய்வுதான், காரண காரியத்தை நிறுவ இது ஒன்றே போதாது. ஆனால் வகுப்பறையில் நாங்கள் காண்பதும் இதையே சொல்கிறது. "சாப்பிட்டியா, எழுதினியா, குளிச்சியா" என்ற கேள்விகளுக்கு ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். "அப்புறம் என்னாச்சு? அவன் ஏன் அப்படிச் செஞ்சான்? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று கேட்டால் பிள்ளை வாக்கியமாகப் பேசியாக வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள் என்ற கேள்வி உடனே எழும். இதற்கு மிகத் தெளிவான விடை லண்டனின் ஹாரிங்கே பகுதியில் 1970களில் நடந்த ஒரு முயற்சியில் இருக்கிறது. உழைக்கும் மக்கள் வாழும் பகுதிப் பள்ளிகளில், ஆசிரியர்கள் புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளை உரக்கப் படிக்க வேண்டும், பெற்றோர் கேட்க வேண்டும். கேட்டவர்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும், எந்த மொழியும் வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள். ஒப்பீட்டுக்காக வேறு சில பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தேர்ந்த ஆசிரியர் ஒருவர் கூடுதலாக வாசிப்புப் பயிற்சி கொடுத்தார். 1982இல் வெளியான முடிவுகளின்படி, பெற்றோரிடம் படித்துக் காட்டிய பிள்ளைகளே தெளிவாக முன்னேறியிருந்தார்கள். தமிழ் வீடுகளில் இதோடு ஒரு படி சேர்த்துக்கொள்ளலாம். பாடத்தையோ கதையையோ படித்து முடித்த பிள்ளையிடம், "இப்ப அதை உன் பேச்சுல சொல்லு" என்று கேளுங்கள். எழுத்துத் தமிழைத் தன் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிச் சொல்ல, புரிந்திருந்தால்தான் முடியும். சொல்வது கோவையாக இருக்கிறதா, நடுவில் எங்கே அறுந்துபோகிறது என்று கண்டுபிடிக்கக் கேட்பவருக்கு ஓர் எழுத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாட்டியும் தாத்தாவும்கூட நன்றாகவே செய்யக்கூடிய வேலை இது.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. நியூசிலாந்தின் மாங்கெரேயில், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஆய்வாளர்கள் ஓர் எளிய ஒழுங்கைப் பழக்கினார்கள்: பொறு, குறிப்புக் கொடு, பாராட்டு. பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் ஐந்து நொடியாவது வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான பெரியவர்கள் ஒரு நொடிகூடப் பொறுக்காமல் சொல்லை எடுத்துக்கொடுத்துவிடுகிறோம். அதனால் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு போய்விடுகிறது. காத்திருந்தும் வரவில்லை என்றால், பொருளை நினைவூட்டும் ஒரு குறிப்பு: "கதையில இப்ப அவங்க எங்க போறாங்க?" பொருள் பொருந்தி எழுத்து தவறியிருந்தால், "இந்த எழுத்தை இன்னொரு தடவை பாரு." இரண்டு முயற்சிக்குப் பிறகு சொல்லைச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர வேண்டும், அங்கேயே நின்று மல்லுக்கட்டக் கூடாது. பாராட்டும் குறிப்பானதாக இருக்கட்டும். "நீயே திருத்திக்கிட்டியே" என்பது, "சமத்து" என்பதைவிடப் பயனுள்ளது. எதைச் செய்ததால் சரியாக வந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

பிள்ளை படிப்பதைக் கேட்டாலே போதும் என்ற வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. மோனிக் செனஷால், லாரா யங் இருவரும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளை படிப்பதைக் கேட்பதைவிட, பெற்றோரே திட்டமிட்ட பயிற்சிகள் மூலம் கற்பித்தபோதுதான் அதிகப் பலன் இருந்தது. அப்படியானால் பெற்றோர் கற்பிப்பதுதானே நல்லது? அந்த ஆய்வுகளில் பெற்றோருக்கு முறையான பயிற்சியும் என்ன செய்வது என்ற தெளிவான வழிகாட்டலும் கிடைத்தன. நம் வீடுகளில் நடப்பது அதுவல்ல. வழிகாட்டல் எதுவும் இல்லாத வீட்டுப்பாட உதவியை ஆராய்ந்த கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிஸும், 2014இல் வெளியிட்ட நூலில், அது மதிப்பெண்ணைப் பெரும்பாலும் உயர்த்தவில்லை, சில நேரங்களில் குறைந்த மதிப்பெண்ணோடு சேர்ந்தே காணப்பட்டது என்று எழுதினார்கள். பின்தங்கிய பிள்ளைக்குத்தான் உதவி அதிகம் தேவைப்படும் என்பதால் அந்தத் தொடர்பை அப்படியே குற்றமாக்க முடியாது. ஆனால் எரின் மலோனியும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகவே கற்றார்கள், கணக்கைப் பற்றிய பயமும் கூடியது. அத்தகைய பெற்றோர் குறைவாக உதவிய வீடுகளில் அப்படி நேரவில்லை. பெற்றோரின் பதற்றம் பிள்ளையிடம் தொற்றுகிறது. கல்வியையும் பிள்ளையின் மனநலத்தையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது இங்கேதான் தெளிவாகிறது. நோட்டு திறக்கும் நேரம் திட்டு வாங்கும் நேரம் என்று பழகிய பிள்ளை, முதலில் நோட்டை மறைக்கிறது. பிறகு புரியாததை ஆசிரியரிடமும் மறைக்கிறது.

நேரமில்லை என்பது உண்மையான சிரமம். பின்னலாடைக் கம்பெனியில் ஷிப்ட் முடித்தோ கட்டட வேலையிலிருந்தோ இரவு வீடு திரும்பும் பெற்றோரிடம் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்வது நியாயமல்ல. வாசிப்பைக் கேட்கப் பத்து நிமிடம் போதும். பேச்சுக்கோ தனி நேரமே வேண்டாம். காய் நறுக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் பேசலாம். அந்த நேரத்தில் போன் கையில் இல்லாதிருந்தால் போதும். தூக்கத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. டியூஷனுக்காக அதைக் குறைப்பது நட்டக் கணக்கு. ஆங்கில வழியில் படிப்பதால் வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமக்குச் சரளமாக வராத மொழியில் பேசும்போது பேச்சு கட்டளைகளாகச் சுருங்கிவிடுகிறது. காரணம் சொல்வதும், விவரிப்பதும், கற்பனை செய்வதும் நமக்கு இயல்பான மொழியில்தான் முழுமையாக வரும். ஒரு மொழியில் கைகூடிய சிந்தனைத் திறன் இன்னொரு மொழியைக் கற்கவும் உதவுகிறது.

பள்ளி செய்ய வேண்டியதைப் பெற்றோர் தலையில் கட்டுகிறீர்கள் என்று யாரேனும் கேட்டால், அந்த எச்சரிக்கை தேவையானதே. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, 2022இல் தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தொற்றுக்காலப் பள்ளி அடைப்பு ஒரு காரணம்; ஆனால் 2018லும் அது பத்து விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. இந்தக் கடனைத் தீர்க்க வேண்டியது பள்ளிகள். எழுத்தறிமுகத்தை முடிக்காமல் வீட்டுக்குப் புத்தகம் கொடுத்து அனுப்புவது எங்கள் தவறு. அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகத் தரும் புத்தகங்களில் எது எந்தப் பிள்ளைக்கு ஏற்றது என்று தேர்ந்து கொடுப்பதும், எப்படிக் கேட்பது என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்குச் செய்துகாட்டுவதும் எங்கள் வேலை. அந்தக் கூட்டங்கள் மதிப்பெண் குறைகளை அடுக்கும் இடமாக இருக்கும் வரை பெற்றோரைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமையில்லை. தினமும் காது கொடுக்கும் வீடு எங்களுக்கும் உதவுகிறது. பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளை பல மாதங்களாகியும் அதே எழுத்துகளில் தடுமாறுவதை முதலில் கவனிப்பது அந்த வீடுதான். அது சோம்பல் என்று அடிக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது; அந்தப் பிள்ளைகளுக்கு வேறு கற்பித்தல் முறையும் தேர்வுச் சலுகையும் உண்டு.

எனவே, பிள்ளைக்கு எழுத்தையும் வாய்ப்பாட்டையும் சொல்லிக் கொடுக்க முடியவில்லையே என்று எந்தப் பெற்றோரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். அவற்றைக் கற்பிக்க நாங்கள் சம்பளம் வாங்குகிறோம். கற்பிக்கவில்லை என்றால் பள்ளிக்கு வந்து கேளுங்கள். உங்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள், தடுமாறினால் பொறுங்கள், படித்ததைத் தன் பேச்சில் சொல்லச் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். பிறகு நேரத்தோடு தூங்க விடுங்கள்.