அன்று போன ராக்கெட்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள கிராமங்களில் பலரது பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாடு. இங்கே ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவருக்குத் தொழில் கல்யாண ஆல்பமும் பாஸ்போர்ட் படமும்தான். ஆசை வேறு. ஓய்வு பெற்று அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்ட விண்கலங்களைப் படம் பிடிப்பது.

காரணம் அம்மா. 1963 நவம்பர் 21 அன்று மாலை தும்பாவிலிருந்து முதல் ராக்கெட், அமெரிக்கத் தயாரிப்பான நைக்கி-அப்பாச்சி, கிளம்பியது. மேலே போய் அது கக்கிய சோடியம் ஆவி, இருட்டத் தொடங்கிய வானத்தில் ஆரஞ்சு நிறமாகப் படர்ந்தது. அப்போது பத்து வயதுச் சிறுமியான அம்மா, மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். "அந்த ராக்கெட்ட ஒரு படம் புடிச்சுக் கொண்டா மக்களே" என்பது அவருடைய நெடுநாள் கோரிக்கை.

மகன் முதலில் போனது தும்பாவுக்குத்தான். விஞ்ஞானிகளுக்கு ஆரம்ப கால அலுவலகமாக இருந்த மகதலேனா மரியாள் தேவாலயம் 1985 முதல் விண்வெளி அருங்காட்சியகம். பளபளவென்று நிற்கும் ராக்கெட்டுகளைப் பார்த்து மாணவர்கள் வாய் பிளக்கிறார்கள். அவருக்கு மனம் ஒட்டவில்லை. மேலே போன ராக்கெட் கண்காட்சிக்குத் திரும்பாது. கடலில் விழும் அல்லது எரிந்து போகும். நிற்பவை மாதிரிகளும் ஏவப்படாதவையும்தான். மணமகன் இல்லாத கல்யாண வீட்டைப் படம் எடுப்பதுபோல் இருந்ததாம்.

போய்த் திரும்பிய ஒன்றை அவர் பார்த்தது டெல்லியில், நேரு கோளரங்கத்தில். ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11இல் போனார். 11ஆம் தேதி தரையிறங்கியது டி-10இல். அந்த டி-10 கலம்தான் இங்கே இருக்கிறது. சுமார் 2 மீட்டர் அகலம். அதற்குள் மூன்று பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். வெளியே வளிமண்டலம் உரசிய கருகல். பிளாஷ் போட்டால் கறுப்பு வெறும் கறுப்பாகிவிடும், தழும்பு தெரியாது. பிளாஷை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் முப்பது நாற்பது படம் எடுத்தார். தேறியது இரண்டு.

அதில் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார் அம்மா.

"சோறு அடிபிடிச்ச பானை மாதிரி இருக்கு. இதாடா அன்னிக்குப் போனது?"

"இது வேறம்மா. ரஷ்யாக்காரனோடது."

"அப்ப நம்மது எங்க?"

கடலில் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. படத்துக்குச் சட்டம் போட வேண்டும் என்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.