மகன் கேட்ட குரூப்

ஒரத்தநாடு பக்கம் நாலு ஏக்கரில் நெல் போடுகிறேன். பத்தாவது முடித்த மகன் பிளஸ் ஒன்னில் வேளாண் தொழிற்பிரிவு வேண்டும் என்றதும் என் மச்சான் பிடித்துக்கொண்டார். "மாப்ள, வயல்ல நிக்கிறவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? டிப்ளமோ படிக்க வச்சு சிங்கப்பூர் அனுப்புங்க." அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா என்று வருஷா வருஷம் பேப்பரைப் பார்க்கிறவன் நான். எங்கள் தெருவில் மாடி வீடெல்லாம் சிங்கப்பூர் காசு. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

இவன் பார்த்தது வேறு. போன சம்பாவில் ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி மாணவிகள் கிராமத் தங்கலுக்கு வந்திருந்தார்கள். யூரியா போடலாமா என்று கேட்டேன். ஒரு பெண் இலை வண்ண அட்டையைப் பயிரோடு வைத்துப் பார்த்து, "ஒரு வாரம் போகட்டும் ஐயா" என்றாள். மகன் வரப்பை விட்டு நகரவில்லை. ஆடுதுறை ரகம் போடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு, நெல் ரகம் உருவாக்குவதும் ஓர் உத்தியோகம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேளாண் பல்கலைக்கழக பி.எஸ்சி. சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. குரூப் எடுக்கும் முன் பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். மச்சானிடமும் சொன்னேன். "ஆபீசரானா சரி. வயலுக்கே திரும்பி வந்துட்டா?" என்கிறார். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.