மூணுக்கு ஒரு கைதட்டு!

ஜப்பானில் நகோயாவிலிருந்து ரயிலேறினால் கால் மணியில் ஓபு வந்துவிடும். சின்ன ஊர். நான் போனது கோயில், கோட்டை பார்க்க அல்ல, கைதட்டல் பார்க்க!

அங்கே இருக்கிற தேசிய முதியோர் மருத்துவ ஆய்வு மையம் உருவாக்கிய பயிற்சிக்கு 'காக்னிசைஸ்' என்று பெயர். மறதி லேசாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கானது. கால் பாட்டுக்கு அடி வைக்க, வாய் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். 3, 6, 9 வந்தால் எண்ணுவதோடு கையும் தட்ட வேண்டும். பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? நாளைக்கு லஞ்ச் டயத்தில் உங்க ஆபீஸ் அக்கவுண்டன்ட்டை நிற்க வைத்துப் பாருங்கள் சார்! 30-ஐத் தாண்டுவதற்குள் கை ஒரு கணக்கு சொல்லும், கால் ஒரு கணக்கு சொல்லும்.

தப்பு வந்தால்தான் பயிற்சி. தப்பே வராமல் பழகிவிட்டால் கணக்கை மாற்றிவிடுவார்கள்! நான் பார்த்த ஹாலில் எதிரே நின்று நடத்தினவர்களும் ரிடையரான வாலண்டியர்கள்தான். ஒரு தாத்தா 7-க்குத் தட்ட, ஹாலே சிரித்தது. தாத்தாதான் அதிகம் சிரித்தார். அப்புறம் டீ, அரட்டை.

இதனால் வியாதி குணமாகிவிடுமா? ஆகாது. பின்னே எதுக்கு? பதில் பக்கத்து ஸ்டேஷனில் இருக்கிறது.

2007 டிசம்பர். மறதி நோய் முற்றிய 91 வயதுப் பெரியவர், மனைவி கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் வெளியே போய், கியோவா ஸ்டேஷனில் ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில்கள் தாமதமான நஷ்டத்துக்கு அந்தக் குடும்பத்தின் மேலேயே கேஸ் போட்டது ரயில்வே கம்பெனி! சுமார் 72 லட்சம் யென். 2013-ல் கீழ்க் கோர்ட் 'கட்டு' என்றது. 2016-ல்தான் சுப்ரீம் கோர்ட் 'வேண்டாம்' என்றது. ஒரு பாட்டி கண்ணயர்ந்ததை எந்தக் கணக்கில் பற்று எழுதுவது? பி.காமில் எனக்குச் சொல்லித் தரவில்லை.

2017 டிசம்பரில் ஓபு நகராட்சி, மறதி நோய்க்கென்றே ஜப்பானின் முதல் உள்ளூர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நகராட்சி, ஜனங்கள், வியாபாரிகள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

கைதட்டலின் லாபம் இப்போது புரிகிறதா? கூட நின்று தட்டினவனுக்குத் தாத்தாவின் முகம் தெரியும். ஸ்டேஷன் பக்கம் தனியாகப் போனால், 'எங்கே தாத்தா கிளம்பிட்டீங்க?' என்று கேட்பான். காவல் ஒரு பாட்டியோடு நிற்காது.

உங்க தெருவிலும் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிற தாத்தா ஒருத்தர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவரோடு உட்காருங்கள். அஞ்சாவது தடவையும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்.