பதினஞ்சாந்தேதிச் சீட்டு

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். மேம்பாலத்தின் மேலே ஓடுகிற வண்டியென்றால் கிணத்துக்கடவைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருக்கும். கீழே போகிற வண்டிதான். பொன்மலை வேலாயுதசாமி கோயில் குன்று தெரிந்ததும் கிணத்துக்கடவில் இறங்கினேன்.

அன்று மாதத்தின் 16-ஆம் தேதி. முதல் நாள்தான் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குகளில் விழுந்திருந்தது. எல்லோருக்கும் நிபந்தனையில்லாமல் அரசு மாதாமாதம் பணம் கொடுத்தால், ஜனங்களுக்கு அரசாங்கத்தின் மேலும் ஒருவர் மேல் ஒருவருக்கும் நம்பிக்கை கூடுமா என்று உலகத்தில் பல இடங்களில் சோதித்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் அதற்குக் கிட்டத்தில் இருப்பது இந்த ஆயிரம்தான்.

மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். “முன்னெல்லாம் ஊட்டுக்காரர் பேர்லதானுங்க எழுதுவேன். இப்ப அம்மிணிக பேர்லயே எழுதறேன். பதினஞ்சாந்தேதி பணம் உளுந்துரும்னு எனக்குந் தெரியும், அவுங்களுக்குந் தெரியும்.” மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் புருஷனுக்குத் தக்காளி வரத்துக் குறைந்தால் கூலியும் குறையும். மனைவியின் ஆயிரத்துக்குத் தேதி தப்புவதில்லை. கடைக்காரர் நம்புவது தொகையை அல்ல, தேதியைத்தான் என்று எனக்குப் பட்டது.

பின்தெருவில் தக்காளி பறிப்புக்குப் போகும் அக்கா ஒருவர் திண்ணையில் உட்காரச் சொன்னார். 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கும்முன் கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பியதை நினைத்து இன்னும் சிரிக்கிறார். “ஒத்த ரூபா வந்துச்சுங்க. சரி, இவ்வளவுதான் போலன்னு நெனச்சேன்.” அடுத்து ஆயிரம் வந்தது, பிறகு மாதாமாதம். இப்போது தெருப் பெண்கள் பத்துப் பேர் அதில் ஐந்நூறு ரூபாய்ச் சீட்டுப் போடுகிறார்கள். “எல்லாத்துக்கும் ஒரே நாள்ல வருதுங்க. காசில்லைன்னு யாரும் சாக்குச் சொல்ல முடியாது பாருங்க.”

அப்படிச் சோதித்துப் பார்த்த பின்லாந்தில் 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளும் வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்தார்கள். வேலை கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை. பிற்பாடு விசாரித்ததில், பணம் வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிட, மற்ற மனிதரையும் நீதிமன்றம், போலீஸ், அரசியல்வாதிகளையும் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார்கள். (பதில் சொன்னவர்கள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அங்கே ஆளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். அதனால் ‘அவளுக்கு எப்படிக் கிடைத்தது’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

இங்கே அந்தப் பேச்சு நாலு வீடு தள்ளியே இருந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், வீட்டில் நாலு சக்கர வாகனம் கூடாது என்பவை விதிகள். அந்த வீட்டு அம்மாவின் மனுவைத் தள்ளியது ஒரு பழைய வேன். விற்று நாலு வருஷமாகிறது. ஆர்சி புத்தகத்தில் மட்டும் இன்னும் புருஷன் பேர். மேல்முறையீடு செய்தார். 2025 டிசம்பர் 12-ஆம் தேதி சுமார் 17 லட்சம் பேரைப் புதிதாகச் சேர்த்தபோதும் இவருக்கு வரவில்லை.

“ஆபீஸ் மேலகூட எனக்குக் கோவமில்லீங்க” என்றார். எதிர்வீட்டைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார். “அவுங்கூட்டு வாசல்ல காரே நிக்குது. மாமனார் பேர்ல இருக்குதாமா, ரேசன் கார்டும் தனியாமா. அவளுக்கு மட்டும் வருது.” விதிப்படி அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

பதினஞ்சாந்தேதிச் சீட்டில் ஏன் சேரவில்லை என்று கேட்டேன்.

“சேத்திக்க மாட்டேங்கறாங்க. உனக்குத்தான் பணம் வர்றதில்லையே, மாசாமாசம் எப்படிக் கட்டுவேங்கறாங்க.”

பழைய வண்டியை விற்றவர்கள், ஆர்சியில் பேர் மாறியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.